வாட்டைக் கூட்டினோம்... வயரைப் பார்த்தோமா?

(மூன்றாமாண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை)



ஆண்டு மலருக்கு நானும் ஒரு கட்டுரை தருகிறேன் என்று சொன்னதும், "டேய், காதலைப் பத்தி எழுது, எல்லாரும் படிப்பாங்க" என்றார்கள் விடுதி நண்பர்கள். அதில் எனக்கு அனுபவம் இல்லை. எனக்கு இருக்கிற ஒரே பெரிய அனுபவம், கருகிப்போன ஒரு கனெக்டர். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். 'இது கம்ப்யூட்டர் பசங்க சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டில் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிற எல்லோருக்கும் இதில் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

ரிக் என்றால் என்ன?

கிரிப்டோ நாணயத்தை 'மைனிங்' செய்கிறார்கள் என்கிறோம். உண்மையில் அங்கே யாரும் எதையும் தோண்டுவதில்லை. கம்ப்யூட்டர் ஓர் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு, விடை பொருந்துகிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பொருந்தும் விடையை முதலில் கண்டவருக்கு நாணயம் பரிசு. ஒரே மாதிரிக் கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடுவதில் கிராபிக்ஸ் கார்டு கெட்டிக்காரன். எனவேதான் விளையாட்டுக்காக வந்த கார்டு இந்த வேலைக்கு இழுக்கப்பட்டது.

பிட்காயின் 2009-ல் தொடங்கியது. அதற்கென்றே தனி இயந்திரங்கள் 2013 முதல் வந்துவிட, கிராபிக்ஸ் கார்டுக்கு அங்கே வேலை போயிற்று. 2015-ல் வந்த எத்தேரியம் கார்டுகளுக்கு மறுவாழ்வு கொடுத்தது. அந்த எத்தேரியமும் 2022 செப்டம்பர் 15-ம் தேதி மைனிங் முறையையே கைவிட்டது. அன்றைக்கு வேலையிழந்த கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய பொருள் சந்தைக்கு வந்தன.

'அப்படியானால் கதை முடிந்தது, இப்போது எதற்கு இந்தக் கட்டுரை?' என்று கேட்பீர்கள். கதை முடியவில்லை நண்பர்களே! எத்தேரியம் கிளாசிக், ரேவன்காயின் போன்ற சின்ன நாணயங்களைக் கார்டு வைத்துத் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அனிமேஷன் படம் போடுகிறவர்களும், ஏ.ஐ. பழகுகிறவர்களும் அதே போல நான்கு கார்டு, ஆறு கார்டு என்று ஒரே பிரேமில் அடுக்குகிறார்கள். அடுக்குகிற நோக்கம் மாறினாலும் அந்தக் கார்டுகளுக்குக் கரண்ட் கொடுக்கும் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

சாதாரண கம்ப்யூட்டரில் கார்டு நேராக மதர்போர்டு ஸ்லாட்டில் உட்காரும். ரிக்கில் அதற்கு இடம் போதாது. அலுமினியச் சட்டத்தில் கார்டுகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் 'ரைசர்' என்ற சின்னப் பலகையை மாட்டுவார்கள். ரைசரிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய கேபிள் தகவலை மட்டும் கொண்டுபோகும். ஸ்லாட் கொடுக்க வேண்டிய கரண்டை ரைசருக்கு நாம்தான் தனியாகக் கொடுக்க வேண்டும். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நடந்தது இதுதான்

சென்ற ஆண்டு விடுமுறையில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலைக்குப் போனேன். கடை அண்ணன் நல்ல மனிதர். மதியச் சாப்பாட்டில் தன் டப்பாவிலிருந்து எனக்கும் ஒரு பங்கு வைப்பார். ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் ஆறு கார்டு ரிக் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து, "இதை ஓடுற மாதிரி பண்ணிக் கொடுங்க" என்றார்.

ஆறு கார்டில் நான்கு, ஆர்.எக்ஸ். 580 வகை. ஒன்று 185 வாட். மீதி இரண்டு ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. ஒன்று 75 வாட். அண்ணன் கால்குலேட்டரைத் தட்டினார். நான்கு 185 = 740. இரண்டு 75 = 150. மதர்போர்டு, பிராசசர், பேன் எல்லாம் சேர்த்து 100. மொத்தம் 990 வாட். "நம்மகிட்ட 1200 வாட் எஸ்.எம்.பி.எஸ். இருக்கு. தாராளம்டா தம்பி!" என்றார்.

கணக்கு சரிதான். நானும் கூட்டிப் பார்த்தேன்.

580 கார்டுகளுக்கு எட்டு பின் கேபிள்கள் போட்டோம். அவற்றின் ரைசர்களுக்கு மோலெக்ஸ் வயர்கள் சரியாகப் போய்விட்டன. அந்த இரண்டு சின்னக் கார்டுகளின் ரைசருக்கு வயர் மிச்சமில்லை. ரைசர் வந்த டப்பாவிலேயே ஓர் அடாப்டர் இருந்தது. ஒரு முனை ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் தட்டையான சேட்டா கனெக்டர், மறுமுனை ரைசருக்கான ஆறு பின். "டப்பாலயே கொடுத்திருக்கான் பாரு, இதைப் போடு" என்றார் அண்ணன். இரண்டு அடாப்டர்களையும் ஒரே சேட்டா கேபிளில் மாட்டினேன். மாட்டியது என் கை.

அன்று இரவு எனக்கு உறுத்தியது. 1050 டி.ஐ. கார்டுக்குத் தனியாகப் பவர் கனெக்டரே கிடையாது. 75 வாட்டும் ரைசர் வழியாகத்தான் போக வேண்டும். 75-ஐ 12-ஆல் வகுத்தால் 6.25 ஆம்பியர். சேட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்றே மூன்று பின். ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். ஆக 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்தான் அதன் தாக்குப்பிடிப்பு. நோட்டின் பின்பக்கத்தில் இதைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கார்டும் சேர்ந்து அந்தக் கேபிளின் ஒற்றை மஞ்சள் வயரில் 12.5 ஆம்பியர் இழுக்கும் என்பதும் தெரிந்தது.

மறுநாள் காலை அண்ணனிடம் சொல்ல வாயெடுத்தேன். கடையில் கூட்டம். 'பதினைந்து வருஷ அனுபவம் உள்ளவருக்கு நேற்று வந்த நான் சொல்வதா?' என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். ரிக்கை வாடிக்கையாளர் எடுத்துப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் இரவு அவருடைய அம்மா தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறார். பிளாஸ்டிக் கருகும் வாசனை. குழந்தைகள் படுத்திருக்கும் அறையின் மூலையில்தான் ரிக் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா எதையும் யோசிக்காமல் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டார். அடாப்டர் கருகிக் கரியாகி, பக்கத்து வயரின் தோல் உருகி ஒட்டிப் போயிருந்தது. அதோடு தப்பித்தது.

ரிக் கடைக்குத் திரும்பி வந்தது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அப்போதுதான் என் நோட்டுக் கணக்கைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "உனக்குத் தெரிஞ்சிருந்துச்சாடா? அப்புறம் ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஏன் எதுவும் டிரிப் ஆகவில்லை?

வாடிக்கையாளர் வீட்டில் எம்.சி.பி. இருந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸும் ஓவர்லோடு பாதுகாப்பு உள்ள நல்ல சரக்கு. இத்தனை காவல்காரர்கள் இருந்தும் ஒருவர்கூட விழிக்கவில்லையே, ஏன்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 990 வாட் வெளியே வர, 90 சதவீதத் திறன் என்று வைத்தால் சுவரிலிருந்து 1100 வாட் உள்ளே போகும். 230 வோல்ட்டில் அது 4.8 ஆம்பியர். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது சாதாரணம். அடுத்து எஸ்.எம்.பி.எஸ். அதன் 12 வோல்ட் பக்கம் 100 ஆம்பியர் வரை தரும். 6 ஆம்பியர், 12 ஆம்பியர் எல்லாம் அதற்குக் கண்ணிலேயே படாது.

ஜாயின்ட் கருகும்போது கரண்ட் கூடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். பின் தளர்ந்தோ, சூட்டில் நிறம் மாறியோ அதன் தடை 0.1 ஓம் ஆகிவிட்டது என்று வைப்போம். முதலாண்டில் படித்த ஐ-ஸ்கொயர்-ஆர் சூத்திரத்தைப் போடுங்கள். 6.25-ஐ 6.25-ஆல் பெருக்கினால் 39. அதை 0.1-ஆல் பெருக்கினால் 3.9 வாட். 'ப்பூ, நாலு வாட்தானே!' என்று தோன்றும். நம் லேப் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் ஆறில் ஒரு பங்குச் சூடு, அரிசி மணி அளவுள்ள பின்னில், பிளாஸ்டிக்குக்குள் மூடி வைக்கப்பட்டு, இரவும் பகலும்! சூடு ஏற ஏறப் பின்னின் பிடி தளரும். பிடி தளரத் தடை கூடும். தடை கூடச் சூடு இன்னும் ஏறும்.

இவ்வளவு நடக்கும்போதும் கார்டுக்குக் கிடைக்கும் வோல்ட்டேஜ் 12-லிருந்து 11.4 பக்கம்தான் இறங்கியிருக்கும். கார்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும்.

உருகிய பிளாஸ்டிக்குள் இரண்டு வயர் ஒன்றையொன்று தொட்டால் இன்னும் மோசம். முழு ஷார்ட் ஆனால் எஸ்.எம்.பி.எஸ். நின்றுவிடும். அரைகுறையாகத் தொட்டு 30, 40 ஆம்பியர் போனால், 100-க்குள்தானே என்று அது விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கும். மெல்லிய வயர்தான் அடுப்புக் கம்பியாக மாறும்.

எனவே நண்பர்களே, எம்.சி.பி. சுவருக்குள் இருக்கும் வயரைக் காக்க வந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பாதுகாப்பு எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் காக்க வந்தது. நடுவில் இருக்கும் பத்து ரூபாய் ஜாயின்ட்டைக் காக்க எந்தக் கருவியும் இல்லை. அதற்குக் காவல், கணக்கு தெரிந்த ஒரு மனிதன் மட்டுமே. இதுவே என் கட்டுரையின் மையக் கருத்து.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைச் சொன்னாரே, அதுவும் இதே சங்கதிதான். இறகு இலேசானது என்று அளவில்லாமல் ஏற்றினால் முறிவது வண்டியின் அச்சு. நாம் இறகை எடை போடுகிறோம். அச்சைக் குனிந்து பார்ப்பதில்லை.

ஜாயின்ட் வாரியாக எண்ணுங்கள்

மதர்போர்டு ஸ்லாட் ஒரு கார்டுக்குத் தர வேண்டியது அதிகபட்சம் 75 வாட். ஆறு பின் கனெக்டருக்கு 75. எட்டு பின்னுக்கு 150. எட்டு பின்னின் 150 வாட் என்பது 12.5 ஆம்பியர். மூன்று மஞ்சள் வயர் பகிர்ந்துகொள்வதால் ஒரு பின்னுக்கு 4.2 ஆம்பியர்தான். பின்னும் தடிமன். அதனால்தான் அது வருஷக்கணக்கில் ஓடுகிறது. சேட்டா கனெக்டர் ஹார்டு டிஸ்க்குக்காகச் செய்தது. ஹார்டு டிஸ்க் குடிப்பது டம்ளர் தண்ணீர் என்றால் கார்டு குடிப்பது குடம் தண்ணீர்.

கம்பெனிக்காரர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2016 ஜூனில் வெளிவந்த ஆர்.எக்ஸ். 480 கார்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட்டுக்கு மேல் இழுப்பதைச் சோதித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஏ.எம்.டி. நிறுவனம் அடுத்த மாதமே மென்பொருளை மாற்றி அதைச் சரிசெய்தது. 2022 அக்டோபரில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டில் 600 வாட் வரை ஒரே கனெக்டரில் தரும் புது முறை. 600 வாட் என்றால் 50 ஆம்பியர். ஆறு பின் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 8.3. எட்டு பின்னைவிடச் சின்னப் பின்னில் இரட்டிப்புக் கரண்ட்! சில கார்டுகளில் கனெக்டர் உருகியது. முழுவதும் அழுத்திச் செருகாதது முக்கியக் காரணம் என்று என்விடியா அந்த ஆண்டு நவம்பரில் சொன்னது. 2023-ல் கனெக்டரின் உள் அமைப்பை மாற்றி, முழுவதும் செருகாவிட்டால் கரண்டே போகாதபடி செய்தார்கள். உலகத்தின் பெரிய கம்பெனி செய்த கனெக்டருக்கே அரை மில்லிமீட்டர் இடைவெளி எமனாகும் என்றால், டப்பாவில் இலவசமாக வந்த அடாப்டரை எந்த தைரியத்தில் நம்புவது?

சுவர்ப் பக்கமும் பார்க்க வேண்டும்

1200 வாட் முழு லோடில் ஓடும் ரிக், சுவரிலிருந்து சுமார் 1330 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் 5.8 ஆம்பியர். 'ஆறு ஆம்பியர் சாக்கெட், அதற்குள்தானே இருக்கு' என்று ஒரு நண்பன் வாதாடினான். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது.

பழைய குண்டு பல்புக்கு வோல்ட்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையும். பல்பு மங்கும், அவ்வளவுதான். எஸ்.எம்.பி.எஸ். அப்படியில்லை. வெளியே 1200 வாட் கொடுத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். வோல்ட்டேஜ் குறைந்தால் அது கூடுதல் கரண்டை இழுக்கும். கோடைக்கால இரவில், தெருவெல்லாம் ஏ.சி. ஓடும்போது 190 வோல்ட் வந்தால் 7 ஆம்பியர்! ஊரே லோ வோல்ட்டேஜில் தவிக்கும் நேரத்தில்தான் நம் சாக்கெட் அதிகம் சூடாகும்.

மேலும் இது மிக்சி போல ஐந்து நிமிடம் ஓடி நிற்கிற பொருளும் அல்ல. அமெரிக்க மின் விதியில் 3 மணி நேரமோ அதற்கு மேலோ விடாமல் ஓடுவதைத் தொடர் லோடு என்கிறார்கள். அதற்குச் சர்க்யூட்டின் அளவில் 80 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வது அங்கே வழக்கம். ரிக் ஓடுவதோ மாதக்கணக்கில். அயர்ன் பாக்ஸை ஆன் செய்து, இரவு பகலாக அப்படியே ஓர் அறையில் வைத்துவிட்டுத் தூங்கப் போவீர்களா? கார்டுகள் இழுக்கும் அத்தனை வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வெளிவருகிறது.

ஆகவே ரிக்குக்கு 16 ஆம்பியர் சாக்கெட், அதற்குத் தனி வயர், தனி எம்.சி.பி. வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். 16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியர் பாயிண்டில் செருக வைக்கும் கன்வர்ட்டர் எதையும் 'கன்வர்ட்' செய்வதில்லை. ஆபத்தைச் சுவருக்குள் தள்ளிவிடுகிறது, அவ்வளவே. எஸ்.எம்.பி.எஸ்.ஸுடன் வந்த தடித்த பவர் கார்டைத் தொலைத்துவிட்டு மானிட்டரின் மெல்லிய கார்டைப் போடுவதும் அதே தவறுதான்.

எர்த் விஷயத்தில் நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் செருகுவது! எர்த் இல்லாத எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உடம்பைத் தொட்டால் 'சுள்'ளென்று அடிக்கும். உள்ளே இருக்கும் பில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகப் பாதி வோல்ட்டேஜ், அதாவது 115 வோல்ட் அளவு, உடம்பில் ஏறி நிற்பதே காரணம். அலுமினியச் சட்டம் முழுவதும் அப்படி இருந்தால், கை வைக்கிறவன் கதி?

ஐந்து கட்டளைகள்

தோழர்கள் கேட்டுக்கொண்டபடி நான் இப்போது கடையில் பின்பற்றுவதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. ரைசருக்குச் சேட்டா அடாப்டர் கூடாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேராக வரும் ஆறு பின் கேபிள் முதல் தரம். அது இல்லையென்றால் மோலெக்ஸ், ஒரு கேபிளில் இரண்டு ரைசருக்கு மேல் வேண்டாம். வயர் போதவில்லையா? அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அத்தனை கார்டு தாங்காது என்று பொருள்.

2. ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கழற்றும் கேபிளை இன்னொன்றில் மாட்டக் கூடாது. கார்டுப் பக்கம் ஒரே மாதிரி இருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். பக்கம் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 12 வோல்ட் தவறான பின்னில் ஏறினால் கார்டு அந்த நொடியே காலி.

3. இரண்டு எஸ்.எம்.பி.எஸ். போட்டால், ஒரு கார்டும் அதன் ரைசரும் ஒரே எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து சாப்பிட வேண்டும். இரண்டின் மஞ்சள் வயர்களை ஒன்றாக முறுக்கவே கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆக வேண்டும்.

4. முழு லோடில் அரை மணி ஓட்டிவிட்டு மல்டிமீட்டரை ரைசர் முனையில் வைத்துப் பாருங்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் வழியில் ஏதோ ஒரு ஜாயின்ட் தின்கிறது. சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏ.சி.யை மட்டும்தான் அளக்கும். மஞ்சள் வயரில் அது பூஜ்யம் காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள்.

5. ஆப் செய்த உடனே ஒவ்வொரு கனெக்டரையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுட்டால் அதுதான் குற்றவாளி. மாதம் ஒரு முறை இதைச் செய்யுங்கள்.

'ஆனால்...' என்பவர்களுக்கு

"கார்டின் வோல்ட்டேஜை மென்பொருளில் குறைத்து ஓட்டினால் 185 வாட் கார்டு நூறு வாட் சொச்சத்தில் ஓடுமே, பிறகு எதற்கு இவ்வளவு பயம்?" என்பார்கள். குறைத்து ஓட்டுவது நல்ல பழக்கம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறைப்பு மென்பொருளில் இருக்கிறது. நடுராத்திரி கரண்ட் போய் வந்து ரிக் தானாக எழுந்தால், அந்தச் செட்டிங் வராமல் கார்டு முழு வாட்டில் ஓட ஆரம்பிக்கலாம். அப்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? வயரை முழு லோடுக்குப் போடு, பிறகு குறைத்து ஓட்டு என்பதே சரியான வரிசை.

"இதெல்லாம் செலவு" என்பது இரண்டாவது வாதம். கணக்குப் போடுவோம். 1100 வாட் ரிக் ஒரு நாளில் 26 யூனிட் சாப்பிடும். நம் ஊரில் பில் வரும் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 1,580 யூனிட். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு நம் நாட்டில் 30 சதவீத வரி வேறு. இவ்வளவு செலவுக்குத் துணிந்தவர் நான்கு நல்ல கேபிளுக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது வாதம்தான் என்னைச் சுடுகிறது. "நாம டிப்ளமோ பசங்க, சொன்னா யார் கேட்பா?"

நம் கடமை என்ன?

என் வீட்டில் முதன்முதலாக ஓம் விதி படித்தவன் நான். ஊருக்குப் போனால் மிக்சி ஓடாவிட்டாலும், செல்போன் சார்ஜ் ஏறாவிட்டாலும், "தம்பி கரண்ட் படிக்குது, தம்பியைக் கேளு" என்கிறார்கள். அவர்கள் என் படிப்பை அந்த அளவு நம்புகிறார்கள். நான்தான் நம்பவில்லை. கையில் விடை இருந்தும், அது பாலிடெக்னிக் நோட்டில் போட்ட கணக்கு என்பதால் எனக்கே அது சின்னதாகத் தெரிந்தது. அண்ணனுக்குப் பதினைந்து வருஷ அனுபவம் உண்டு. எனக்கு ஐ-ஸ்கொயர்-ஆர் உண்டு. இரண்டும் சேர்ந்திருந்தால் அந்தப் பாட்டி நடுராத்திரி சுவிட்சைத் தேடியிருக்க வேண்டாம்.

தெரியாமல் செய்தது அண்ணனின் தவறு. தெரிந்தும் பேசாமல் இருந்தது என் தவறு. இரண்டில் எது பெரியது என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன்.

நம்மில் பலர் நாளை சர்வீஸ் சென்டரிலும், பேனல் போர்டு கம்பெனியிலும், சைட்டிலும் நிற்கப் போகிறோம். அங்கே நமக்கு மேலே இருப்பவர்கள் 'மொத்த வாட் எவ்வளவு?' என்று கேட்பார்கள். 'இதில் பலவீனமான ஜாயின்ட் எது?' என்று கேட்க வேண்டியவர்கள் நாம். மரியாதையோடு கேட்கலாம். "அண்ணே, இதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துடலாமா?" என்றால் எந்த அண்ணனும் அடிக்க வரமாட்டார். இது நான் பிறகு தெரிந்துகொண்ட உண்மை. இப்போது எங்கள் கடையில் ரிக் வந்தாலும், ஆறு கார்டு ரெண்டரிங் மெஷின் வந்தாலும், அண்ணனே நோட்டை என் பக்கம் தள்ளி, "ஜாயின்ட் கணக்கு போடுடா" என்கிறார். சேட்டா அடாப்டர்கள் ஒரு பழைய டப்பாவில் மூடிக் கிடக்கின்றன. கருகிய ஒன்று மட்டும் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் ஓர் அரை நாள் ஒதுக்குங்கள். மல்டிமீட்டரும் கிளாம்ப் மீட்டரும் எடுத்துக்கொண்டு முதலில் நம் விடுதி அறைகளுக்கே போவோம். ஹீட்டர் ராடு, அயர்ன் பாக்ஸ், மூன்று சார்ஜர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்குவது நமக்குத் தெரியாதா? அங்கே தொடங்கி, பிறகு அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் போய் இலவசமாகப் பார்த்துச் சொல்வோம். அதற்குப் பெரிய பட்டம் வேண்டாம். வகுத்தலும் பெருக்கலும், தொட்டுப் பார்க்கும் ஒரு கையும், பேசத் துணியும் ஒரு வாயும் போதும்.

வாட்டைக் கூட்டத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வயரைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிறவர்களாக நாம் இருப்போம்!